எந்த ரூபாய் என்று எழுதுவோம்

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குத் தெற்கே, நடந்து செல்லும் தொலைவில் உள்ளது ஸ்ரீவராகம். வராகமூர்த்தி கோயிலும் அதன் பரந்த குளமும் அடையாளமாக விளங்கும் இப்பகுதியில், தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில், பல வேளைகளில் ஒரே வாக்கியத்தில் கலந்து ஒலிப்பதைக் கேட்கலாம். திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில் இவ்வட்டாரத்தில் ஒருவர் மற்றொருவரிடம் நூறு ரூபாய் கடன் பெற்றால், உடனே ஒரு வினா எழும்: எந்த ரூபாய்?

சமஸ்தானத்துக்கெனத் தனி நாணயம் இருந்த காலம் அது. 16 காசு சேர்ந்தால் ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆக, சர்க்கார் ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் இந்திய ரூபாயும் உடன் புழங்கியது. அதன் மதிப்பு 28 சக்கரமும் 8 காசும். நூறு ரூபாய்க்குக் கணக்கிட்டால் வேறுபாடு 50 சக்கரம். தொகை பெரிதன்று, ஆயினும் 'ரூபாய்' என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்டால், கொடுத்தவர் ஒன்றை எண்ணுவார், வாங்கியவர் மற்றொன்றை எண்ணுவார். எந்த ரூபாய் என்ற ஒரு சொல்லைச் சேர்த்து எழுதினால் வழக்குக்கு இடமிராது.

சக்கரமும் பணமும் இன்று நாணயம் சேகரிப்போரிடம் மட்டுமே உள்ளன. ஆனால் 'எந்த ரூபாய்?' என்னும் வினா புதிய வடிவில் திரும்பி வந்திருக்கிறது. நம் சார்பில் விலை கேட்கவும், விலைப்பட்டியல் அனுப்பவும், கட்டணம் செலுத்தவும் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் தொடங்கியுள்ளன. அந்த முகவரின் கையில் கொடுக்கப்படும் கருவிகளைப் பற்றி நாம் எழுதிவைக்கும் சில வரிகளே, நமது பணம் எங்கே, எவ்வளவு போகும் என்பதை முடிவு செய்கின்றன. அவ்வரிகளைத் தெளிவாக எழுதுவது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம். கணினித் துறையினருக்கு மட்டும் உரிய செய்தி என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். கடை நடத்துவோரும், சங்கக் கணக்குப் பார்ப்போரும், வீட்டுச் செலவைக் கைப்பேசியில் நடத்துவோரும் அறிய வேண்டியது இது.

முகவரும் கருவியும்

கேட்ட கேள்விக்கு விடை எழுதித் தரும் உரையாடல் செயலிகளை வாடிக்கையாளர்களில் பலர் இப்போது பயன்படுத்துகின்றனர். முகவர் என்பது அதற்கு ஒரு படி மேலே நிற்பது. 'இம்மாதம் பணம் தராத கடைகளுக்கு நினைவூட்டல் அனுப்பு' என்று சொன்னால், அது பேரேட்டைப் பார்த்து, பட்டியல் எடுத்து, செய்தியை அனுப்பியும் விடுகிறது. இதற்கு அதற்குக் கருவிகள் தேவை. பேரேட்டைப் படிக்க ஒன்று, செய்தி அனுப்ப ஒன்று, பணம் பெறும் இணைப்பை உருவாக்க ஒன்று எனத் தனித்தனியே உள்ள சிறு நிரல்களையே இங்குக் கருவி என்கிறோம்.

ஒவ்வொரு கருவியைப் பற்றியும் மூன்று செய்திகள் முகவருக்கு அளிக்கப்படுகின்றன: கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்னும் விளக்கக் குறிப்பு, நிரப்ப வேண்டிய கட்டங்கள். வங்கிக் கிளையில் மேசைமீது அடுக்கிவைத்திருக்கும் சீட்டுகளை நினைத்துக்கொள்ளலாம். பணம் செலுத்தும் சீட்டு, பணம் எடுக்கும் சீட்டு, மின்வழிப் பணமாற்ற விண்ணப்பம் என ஒவ்வொன்றின் தலைப்பையும் படித்து, வேண்டியதை எடுத்து, கட்டங்களை நிரப்பி நீட்டுகிறோம். முகவரும் அவ்வாறே செய்கிறது. ஆனால் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. எந்தச் சீட்டு என்று தெரியாவிட்டால் நாம் அருகிலிருப்பவரைக் கேட்கிறோம். முகப்பில் இருப்பவரின் முகக்குறிப்பைக் கண்டு தவறான சீட்டு என்று உணர்கிறோம். முகவருக்கு அந்த வசதி இல்லை. நிரலின் உள்ளே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் அது பொதுவாகக் காண்பதில்லை. அதன் கண்ணுக்குத் தெரிவது குறிப்பு மட்டுமே.

இம்முறை மிக வேகமாகப் பரவிவருகிறது. தன் மொழி மாதிரிகள் இவ்வாறு வெளி நிரல்களை அழைக்கும் வசதியை ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜூன் மாதம் அறிமுகப்படுத்தியது. எந்த முகவரும் எந்தக் கருவியோடும் இணைவதற்கான பொது நெறிமுறை ஒன்றை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்பது அதன் பெயர். 2025 அக்டோபரில், உரையாடல் செயலியின் வழியாகவே பொருள் தேர்ந்து யுபிஐ மூலம் பணம் செலுத்தும் முன்னோட்டத் திட்டத்தை இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம், ரேஸர்பே, ஓபன்ஏஐ ஆகியவை இணைந்து அறிவித்தன. ஆகவே, முகவரின் கையில் பணப்பை வரும் நாள் தொலைவில் இல்லை.

'பாக்கி' என்றால் என்ன?

ஸ்ரீவராகத்துக்கு அருகிலுள்ள சாலைக் கடைத்தெரு, திருவனந்தபுரத்தின் பழம்பெரும் வணிகத் தெரு. தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாகத் தொழில் நடத்தும் இடம். அங்கு மளிகை மொத்த வணிகம் செய்யும் ஒருவர், தம் கணக்கு மென்பொருளை ஒரு முகவரோடு இணைக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கருவி ஒன்றுக்கு அவர் இப்படிப் பெயரும் குறிப்பும் எழுதுகிறார்:

'பாக்கி: பாக்கியைக் காட்டும்.'

எழுதியவருக்கு இது தெளிவாகவே தோன்றும். ஆனால் பாக்கி என்பது எது? சில்லறைக் கடைக்காரர் இவருக்குத் தர வேண்டிய தொகையா? இவர் ஆலைக்குக் கொடுக்க வேண்டிய தொகையா? மலையாளம் பேசும் வாடிக்கையாளரின் வாயில் அச்சொல், பணம் கொடுத்தபின் திரும்பக் கிடைக்கும் சில்லறையையும் குறிக்கும். இன்று வரையிலான தொகையா, சென்ற மாத இறுதி வரையிலானதா? வங்கியில் போட்ட காசோலை இன்னும் தீர்வாகாதிருந்தால் அது கழிக்கப்பட்டிருக்குமா? கடையில் ஆண்டுக்கணக்காக இருக்கும் கணக்குப்பிள்ளைக்கு இவை அனைத்தும் பழக்கத்தால் தெரியும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்குத் தெரியாது. முகவரோ, ஒவ்வொரு முறையும் நேற்று வேலைக்குச் சேர்ந்தவரைப் போன்றதே. அதே குறிப்பை இவ்வாறு எழுதலாம்:

'வாடிக்கையாளர் தரவேண்டிய தொகை: ஒரு சில்லறைக் கடை நமக்குத் தரவேண்டிய மொத்தத் தொகையை ரூபாயில் தரும். நேற்று மாலை கணக்கு முடிக்கும் வரை பதிவானவை மட்டுமே இதில் அடங்கும். இன்றைய விற்பனையும் இன்னும் தீர்வாகாத காசோலைகளும் அடங்கா. நாம் ஆலைகளுக்குத் தரவேண்டிய தொகையை அறிய இதைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு "வழங்குநருக்குத் தரவேண்டிய தொகை" என்னும் கருவி உள்ளது. கடையின் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளோடு பொருந்தினால் தொகை வராது. பொருந்தும் கடைகளின் பட்டியல் வரும். அப்போது உரிமையாளரிடம் கேட்டுத் தெளிந்தபின் மீண்டும் அழைக்கவும்.'

இரண்டு சொற்கள் நாற்பதுக்கும் மேற்பட்ட சொற்களாக வளர்ந்துள்ளன. ஆனால் அவற்றில் வீண் சொல் எதுவும் இல்லை. கருவி என்ன செய்யும், என்ன செய்யாது, எதற்கு வேறு கருவியை நாட வேண்டும், விடை எந்த அளவையில் எந்த நாள் வரைக்கும் உரியது, சிக்கல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என ஐந்து செய்திகள் அதில் உள்ளன. இவற்றுள் 'என்ன செய்யாது' என்பதையே பலரும் எழுத மறக்கின்றனர். ஒன்றையொன்று ஒத்திருக்கும் இரு கருவிகள் இருக்கும்போது, முகவர் தடுமாறுவது பெரும்பாலும் அவற்றின் எல்லைக் கோட்டில்தான்.

ரூபாயும் பைசாவும்

இனித் திருவிதாங்கூர் வினாவுக்கு வருவோம். யுபிஐ வழியில் பணம் பெற ஓர் இணைப்பு அல்லது கியூஆர் குறியீடு தயாரிக்கும்போது, தொகை ரூபாயில் எழுதப்படுகிறது. 500 ரூபாய் என்றால் 500 என்றோ 500.00 என்றோ இருக்கும். ரேஸர்பே போன்ற கட்டண நுழைவாயில் சேவையில் அதே 500 ரூபாய்க்கு 50000 என்று அனுப்ப வேண்டும். அங்கு அளவு பைசா. கணினியில் பதின்மப் புள்ளிகள் தரும் தொல்லையைத் தவிர்க்க, நாணயத்தின் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக எழுதும் முறை அது. இரண்டு முறைகளும் தம்மளவில் சரியானவை. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே கடையில் புழங்கக் கூடியவை.

ஒரே முகவரிடம் இவ்விரு கருவிகளும் இருந்து, இரண்டிலும் கட்டத்தின் பெயர் 'தொகை' என்று மட்டும் இருந்தால் என்ன ஆகும்? 500 ரூபாய் வசூலிக்க வேண்டிய இடத்தில் 5 ரூபாய்க்கு இணைப்பு உருவாகலாம். அல்லது 50,000 ரூபாய் கேட்டு வாடிக்கையாளருக்குச் செய்தி போகலாம். சர்க்கார் ரூபாய்க்கும் பிரிட்டிஷ் ரூபாய்க்கும் இருந்த வேறுபாடு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. இங்கு வேறுபாடு நூறு மடங்கு. கட்டத்தின் பெயரையே 'தொகை பைசாவில்' என்று மாற்றி, அருகில் 'எடுத்துக்காட்டு: 500 ரூபாய்க்கு 50000' என்று ஒரு வரி சேர்த்தால் ஐயத்துக்கு இடமில்லை. திருவனந்தபுரத்தில் இத்தெளிவு இன்னும் தேவை. ஏனெனில் இங்குப் பேச்சு வழக்கில் 'பைசா' என்பது பணம் என்பதற்கே பொதுப்பெயர், 'பைசா கொடுத்தாயிற்றா?' என்று கேட்பவர் நூற்றில் ஒரு பங்கைக் கேட்கவில்லை.

தேதிக்கும் இதே விதி. 04/05 என்று எழுதினால் நமக்கு அது மே மாதம் 4-ஆம் நாள். அமெரிக்க வழக்கில் ஏப்ரல் 5-ஆம் நாள். தவணை நாளைக் குறிக்கும் கட்டமாயின் ஒரு மாத இடைவெளி வட்டியாக மாறும். இடப்பெயருக்கும் இதே விதி பொருந்தும். ஸ்ரீவராகம் என்னும் ஒரே பெயர் ஆங்கில எழுத்தில் ஒருவர் எழுதுவது போல் மற்றவர் எழுதுவதில்லை; திருவனந்தபுரத்தை இன்றும் 'டிரிவாண்ட்ரம்' என்று எழுதுவோர் உள்ளனர். கிளையைத் தேடும் கருவிக்கு ஊர்ப்பெயரைக் கொடுப்பதா, 11 எழுத்து ஐஎஃப்எஸ்சி குறியீட்டைக் கொடுப்பதா என்பதைக் குறிப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

சொற்களும் ஏமாற்றக் கூடியவை. தமிழில் 'அவசரம்' என்றால் விரைவு. மலையாளத்தில் அதே ஒலி வாய்ப்பைக் குறிக்கும். இரு மொழியும் கலந்து பேசும் வாடிக்கையாளரின் சொல்லை முகவர் கருவியின் கட்டத்துக்குள் கொண்டு சேர்க்கும்போது, 'விரைவுப் பணமாற்றம்: ஆம் அல்லது இல்லை' என்பது போல் குறித்த விடைகளுள் ஒன்றை மட்டுமே ஏற்கும் கட்டமாக அமைப்பது பாதுகாப்பானது.

காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோம். இரண்டும் வேறுபட்டால் எழுத்தால் எழுதியதே செல்லும் என்று 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18-ஆம் பிரிவில் கூறுகிறது. எண்ணில் ஒரு சுழி கூடுவதும் குறைவதும் எளிது. சொல்லில் அப்பிழை நேர்வது அரிது. கருவிக் குறிப்பிலும் எண்ணுக்குக் காவலாகச் சொல் நிற்க வேண்டும்.

மூன்று பெட்டிகள்

தெளிவற்ற கருவி எவ்வளவு இழப்பைத் தரும் என்பதற்கு வங்கித் துறையிலேயே ஒரு சான்று உண்டு. அதில் முகவராக இருந்தவர்கள் மனிதர்களே என்பதால் அதன் பாடம் இன்னும் வலியது.

2020 ஆகஸ்ட் 11 அன்று, ரெவ்லான் என்னும் அழகுப்பொருள் நிறுவனத்தின் கடனுக்கு உரிய வட்டியாக ஏறத்தாழ 78 லட்சம் டாலரைக் கடன் கொடுத்தோருக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பு நியூயார்க்கின் சிட்டிபேங்குக்கு இருந்தது. அனுப்பப்பட்டதோ, வங்கியின் சொந்தப் பணத்திலிருந்து 89 கோடி டாலருக்கும் மேல். கடனின் அசல் முழுவதும் வெளியேறிவிட்டது.

இது நேர்ந்த விதத்தை நீதிமன்றத் தீர்ப்பு விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. 'ஃபிளெக்ஸ்கியூப்' என்னும் மென்பொருளில், அசல் தொகை வெளியே போகாமல் உட்கணக்கு ஒன்றில் நிற்க வேண்டுமானால், 'ஃபிரண்ட்', 'ஃபண்ட்', 'பிரின்சிபல்' என்னும் மூன்று கட்டங்களிலும் அந்த உட்கணக்கைக் குறிக்க வேண்டும். 'பிரின்சிபல்' என்றால் அசல். ஆகவே அக்கட்டத்தை மட்டும் நிரப்பினால் அசல் காக்கப்படும் என்று பணியைச் செய்தவர் எண்ணினார். சரிபார்த்தவரும் அவ்வாறே எண்ணினார். இறுதி ஒப்புதல் அளித்தவரும் அவ்வாறே எண்ணினார். அவர்களில் இருவர் இந்தியாவிலிருந்து பணிபுரிந்தவர்கள். மூவர் பார்த்தும் பிழை தப்பியது. ஏனெனில் மூவரும் பார்த்தது ஒரே கட்டப்பெயரைத்தான்.

இதில் இரண்டு செய்திகள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. மூன்று கட்டங்களையும் நிரப்ப வேண்டும் என்பது வங்கியின் கையேட்டில் எழுதப்பட்டே இருந்தது. ஆனால் கையேடு ஓரிடத்தில், திரை வேறிடத்தில். முகவருக்கான கருவிக்கும் இதுவே பொருந்தும்: விளக்கம் எங்கோ ஓர் ஆவணத்தில் இருப்பதால் பயனில்லை; கருவியோடு ஒட்டியிருக்க வேண்டும். இரண்டாவது, பணம் வங்கியைவிட்டு வெளியே செல்லும், தொடரலாமா என்று கேட்கும் எச்சரிக்கையும் திரையில் தோன்றியது. ஆனால் எவ்வளவு பணம் என்பதை அது சொல்லவில்லை. வட்டிப் பணம் வெளியே செல்ல வேண்டியதுதானே என்று எண்ணித் தொடர்ந்தனர். '89 கோடி டாலர் செல்லும்' என்று அந்த ஒரு வரியில் இருந்திருந்தால் எவர் கையும் நின்றிருக்கும்.

பணத்தைப் பெற்றோரில் சிலர் திருப்பித் தந்தனர். ஏறத்தாழ 50 கோடி டாலரைப் பெற்றவர்கள் தர மறுத்தனர். 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வங்கிக்கு எதிராகவும், 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வங்கிக்குச் சார்பாகவும் அமைந்தன. மூன்று கட்டங்களின் தெளிவின்மைக்கு விலை, ஈராண்டு வழக்கு.

பெயரே வழிகாட்டி

நம் நாட்டில் ஒவ்வொரு குடும்பமும் அறிந்த மற்றொரு சான்றும் உண்டு. யுபிஐயில் 'பணம் அனுப்புதல்' ஒன்று. 'பணம் கோருதல்' மற்றொன்று. கோரிக்கை வந்தால், அதைப் பெறுபவர் தம் ரகசிய எண்ணை இட்டு ஒப்புதல் தரும்போது அவர் கணக்கிலிருந்து பணம் போகும். மோசடியாளர்கள் இக்கருவிக்குத் தாங்களே ஒரு பொய்க் குறிப்பு எழுதினர்: 'உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, பெற்றுக்கொள்ள ரகசிய எண்ணை இடுங்கள்.' பழைய மரச்சாமானை விற்க விளம்பரம் செய்தோர் பலர் அவ்வாறு பணத்தை இழந்தனர். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை என்று வங்கிகள் ஆண்டுக்கணக்காக அறிவித்தும் ஏமாற்று ஓயவில்லை. இறுதியில், தனிநபர்களுக்கிடையேயான பணக் கோரிக்கை வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்துமாறு கொடுப்பனவுக் கழகம் பணித்தது.

ஒரு கருவி என்ன செய்கிறது என்பதைப் பயன்படுத்துவோர் தவறாக உணர வாய்ப்பிருந்தால், சிலவேளை அக்கருவியை நீக்குவதே தீர்வு என்பதை இது காட்டுகிறது. முகவருக்கும் இவ்வாறே: இருபது கருவிகளை அரைகுறையாக விளக்குவதைவிட, ஐந்தை முழுமையாக விளக்குவது நன்று. எஞ்சியவற்றில் பணம் வெளியே செல்லும் கருவிகளின் பெயரிலேயே அது தெரிய வேண்டும். 'செயல்படுத்து', 'முடி', 'சரிசெய்' போன்ற பெயர்கள் எதையும் சொல்வதில்லை. 'வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பு' என்பது சொல்கிறது.

பெயரைக் காட்டுவதன் பயனை ரிசர்வ் வங்கியும் உணர்த்தியுள்ளது. மின்வழிப் பணமாற்றத்தில் கணக்கு எண்ணை மட்டும் கொண்டு வரவு வைப்பதே நெடுங்கால முறை. எண்ணில் ஒன்று பிழைத்தாலும் பணம் வேறொருவர் கணக்கில் சேரக் கூடும். ஆகவே, என்இஎஃப்டி, ஆர்டிஜிஎஸ் முறைகளில் அனுப்புவதற்கு முன்பே பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் அளிக்குமாறு 2024 டிசம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. செயலுக்கு முன் ஒரு சொல் தெளிவாகத் தெரிந்தால் பிழை அங்கேயே நிற்கிறது.

ஐயம் வந்தால் கேட்கட்டும்

வணிகவியல் பயின்றோர்க்கு முகவர் என்னும் சொல் புதிதன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவரின் கடமைகளை வரையறுக்கிறது. முதல்வர் தந்த அறிவுறுத்தலின்படியே முகவர் நடக்க வேண்டும் என்பது 211-ஆம் பிரிவு. இடர்ப்பாடு நேரும்போது, முழு முயற்சி எடுத்து முதல்வரைத் தொடர்புகொண்டு அவர் அறிவுறுத்தலைப் பெற வேண்டும் என்பது 214-ஆம் பிரிவு. கணினி முகவரை மனதில் கொண்டு எழுதிய சட்டம் அன்று இது. எனினும் அதன் அறிவு இன்றும் பொருந்துகிறது.

மனித முகவர் ஐயம் வந்தால் தானே கேட்பார். கணினி முகவர், கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தால்தான் உறுதியாகக் கேட்கும் என்று கொள்வதே பாதுகாப்பு. எனவே குறிப்பில் இரண்டு வரிகளைத் தவறாமல் சேர்க்க வேண்டும். ஒன்று, இச்செயலைத் திரும்பப் பெற முடியுமா, முடியாதா என்பது. இருப்பைப் பார்ப்பதால் எதுவும் மாறுவதில்லை. அனுப்பிய பணம் எளிதில் திரும்பாது. இரண்டு, எப்போது நிறுத்திக் கேட்க வேண்டும் என்பது: '2,000 ரூபாய்க்கு மேற்பட்டால்', 'பெறுபவர் புதியவரானால்', 'தொகை விலைப்பட்டியலோடு பொருந்தாவிட்டால்' எனத் தெளிவாக எழுதலாம்.

எழுத்தை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. குறிப்பு, முகவருக்கு வழி காட்டும். வேலி போடுவது கருவியின் வேலை. 2024 ஆகஸ்டில் அறிமுகமான 'யுபிஐ சர்க்கிள்' வசதியில், ஒருவர் தம் கணக்கிலிருந்து செலவிடும் அதிகாரத்தை நம்பிக்கைக்குரிய வேறொருவருக்கு அளிக்கலாம். முழு அதிகாரம் அளித்தாலும் மாதம் 15,000 ரூபாய், ஒரு முறைக்கு 5,000 ரூபாய் என வரம்பு உண்டு. பகுதி அதிகாரமாயின் ஒவ்வொரு செலவுக்கும் கணக்கு உரிமையாளர் ஒப்புதல் தர வேண்டும். வீட்டுப் பிள்ளைக்கே வரம்பு வைக்கும் நாம், இயந்திர முகவருக்கு வரம்பின்றி அதிகாரம் கொடுப்பது முறையாகாது.

பழைய குறிப்பும் பொய்க் குறிப்பும்

திருவிதாங்கூர் வங்கி 1945-இல் தொடங்கப்பெற்று, பின்னர் ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் என வளர்ந்து, 2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்தது. ஸ்ரீவராகம், மணக்காடு, கிழக்கேகோட்டைப் பகுதி வீடுகளின் அலமாரிகளில் அவ்வங்கியின் பழைய பாஸ்புத்தகங்கள் இன்றும் இருக்கக் கூடும். அவற்றில் அச்சிட்ட ஐஎஃப்எஸ்சி குறியீடு 'எஸ்பிடிஆர்' என்னும் நான்கு எழுத்துகளில் தொடங்கும். இன்று அக்கிளைகளின் குறியீடு 'எஸ்பிஐஎன்' என்று தொடங்குவது. பழைய புத்தகத்தில் இருப்பது ஒரு காலத்தில் முற்றிலும் உண்மை. இன்று பயன்படாத உண்மை. கருவிக் குறிப்புகளும் இவ்வாறு மூப்படையும். கடையின் வரவுநேரம் மாறினால், கட்டண வரம்பு மாறினால், குறிப்பையும் அன்றே திருத்த வேண்டும். குறிப்பின் இறுதியில் திருத்திய நாளை எழுதிவைப்பது நல்ல வழக்கம்.

பொய்க் குறிப்பு இதனினும் கொடியது. முகவர் குறிப்பை நம்பியே நடப்பதால், அக்குறிப்புக்குள்ளேயே தீய கட்டளையை மறைத்துவைக்க முடியும் என்பதை இன்வேரியன்ட் லேப்ஸ் என்னும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2025 ஏப்ரலில் விளக்கிக் காட்டியது. பார்வைக்கு இரண்டு எண்களைக் கூட்டித் தரும் கருவி போன்றிருக்கும். அதன் குறிப்பில், பயனரின் ரகசியக் கோப்பைப் படித்து அனுப்புமாறு எழுதியிருக்கும். பயனரின் திரையில் அது தெரியாது; முகவருக்குத் தெரியும். எனவே, அறியாதவர் தரும் கருவியை முகவரோடு இணைப்பது, அறியாதவர் நீட்டும் வெற்றுச் சீட்டில் கையொப்பமிடுவதற்கு ஒப்பானது.

எழுதும் முன் ஏழு வினாக்கள்

கருவிக் குறிப்பு எழுதும் வணிகரும், அவருக்காக எழுதித்தரும் மென்பொருள் வல்லுநரும், பின்வரும் வினாக்களுக்கு விடை உள்ளதா என்று பார்த்துக்கொள்ளலாம்:

1. பெயரைப் படித்தவுடன் செயல் விளங்குகிறதா? பணம் வருகிறதா, போகிறதா என்பது தெரிகிறதா?
2. எப்போது பயன்படுத்த வேண்டும், எப்போது கூடாது என்று எழுதியிருக்கிறோமா?
3. தொகை ரூபாயிலா, பைசாவிலா? தேதி எந்த வரிசையில்? எடுத்துக்காட்டு உள்ளதா?
4. எந்த நாள், எந்த நேரம் வரையிலான விவரம் கிடைக்கும்?
5. செயலைத் திரும்பப் பெற முடியுமா?
6. பெயர் இரண்டோடு பொருந்தினால், தொகை வரம்பைக் கடந்தால், விடை வராவிட்டால் முகவர் என்ன செய்ய வேண்டும்?
7. ஒப்புதல் கேட்கும் வரியில் தொகையும் பெறுபவர் பெயரும் உள்ளனவா?

எழுதி முடித்தபின் ஓர் எளிய சோதனை உண்டு. உங்கள் தொழிலை அறியாத ஒருவரிடம், வீட்டுப் பெரியவரிடமோ கல்லூரியில் படிக்கும் பிள்ளையிடமோ அக்குறிப்பை மட்டும் கொடுத்து, 'ஸ்ரீவராகத்துக் கடைக்கு 500 ரூபாய் திருப்பி அனுப்ப வேண்டும். எதை எடுப்பீர்கள், என்ன நிரப்புவீர்கள்?' என்று கேளுங்கள். அவர் உங்களிடம் திரும்பிக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் குறிப்பில் விடுபட்ட ஒரு வரி. பின்னர், பணம் நகராத சோதனை முறையில், முகவரிடமே பல விதமாகச் சொல்லிப் பாருங்கள். தமிழிலும் மலையாளத்திலும் கலந்து சொல்லியும் பாருங்கள்.

கருவி எழுதும் தேவை இல்லாத வாடிக்கையாளருக்கும் இவ்வினாக்கள் பயன்படும். உங்கள் சார்பில் பணம் செலுத்தும் செயலி ஒன்றைச் சேர்க்கும்போது, அதற்கு எவ்வெச்செயல்களுக்கு அனுமதி, வரம்பு எவ்வளவு, அனுமதியை எங்குச் சென்று நீக்கலாம் என்பவற்றைப் பாருங்கள். ஒப்புதல் கேட்கும் வரியில் தொகையோ பெறுபவர் பெயரோ இல்லையென்றால் ஒப்புதல் தர வேண்டாம். ரகசிய எண்ணையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் எந்த முகவரிடமும், அது மனிதராயினும் இயந்திரமாயினும், சொல்ல வேண்டாம். ஐயமிருப்பின் உங்கள் கிளையை அணுகுங்கள்; பணம் போகும் முன் கேட்கும் எந்தக் கேள்வியும் சிறிதன்று.